முத்துவை மாற்ற வேண்டுமா?



ஏரல் ஆற்றில் ஞானஸ்நானம் கொடுக்க ஆயத்தம் பண்ணும்போது வயதான ஒரு சகோதரி கலங்கின கண்களோடு என்னிடத்தில் வந்தார்கள்.

"அண்ணாச்சி, மார்கரெட்னு பேர மாத்தணும்னு சொல்லுதாவ. முத்துன்னு எங்க அப்பா ஆசையா வச்ச பேரு. மாத்தாட்டா முழுக்கு கிடையாதோ?"

அதுவரை நானும் இங்கிலீஷ் பேர்தான் கிறிஸ்தவப் பேர் என்று நினைத்திருந்தேன். அன்று இராத்திரி உட்கார்ந்து ஆராய்ந்தேன்.

1. நம் மிஷனெரிகளின் பெயர்கள். 1841 முதல் இடையன்குடியில் ஊழியம் செய்தவர் ராபர்ட் கால்டுவெல். 'கால்டுவெல்' என்றால் குளிர்ந்த ஊற்று. இடத்தால் வந்த பெயர். 'ராபர்ட்' என்றால் புகழால் பிரகாசிக்கிறவன். 1877ல் அவரோடு பிஷப்பாக அபிஷேகம் பெற்றவர் எட்வர்டு சார்ஜென்ட். 'எட்வர்டு' செல்வத்தைக் காக்கிறவன், 'சார்ஜென்ட்' வேலைக்காரன். நம்ம பக்கத்துச் சாயர்புரம், சாமுவேல் சாயர் என்பவர் பேரால் வந்தது. 'சாயர்' என்றால் மரம் அறுக்கிறவர்! 'ஜான்சன்' யோவானின் மகன். நாம் அப்பா பேரை இனிஷியலாகப் போடுகிறோமே, அதுபோல.

ராபர்ட், எட்வர்டு, வில்லியம் இவை வேதாகமப் பெயர்கள் அல்ல. ஐரோப்பாவின் பழைய ஜெர்மானிய பாஷைகளில் பிறந்தவை. அந்த ஜனங்கள் இரட்சிக்கப்பட்டபோது தங்கள் பாஷையின் பெயர்களைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

2. வேதம் காட்டும் மாதிரி. ஆபிராம், யாக்கோபு பெயர்களைத் தேவன்தாமே மாற்றினார். ஆனால் அப்பொல்லோ (அப். 18:24) என்பது கிரேக்க தேவனான அப்பொல்லோவின் பெயரிலிருந்து வந்தது. சபை அதை மாற்றச் சொன்னதாக எங்கும் எழுதப்படவில்லை. அந்தப் பேரோடேயே அவர் வல்லமையாய் ஊழியம் செய்தார்.

3. நம் மண்ணின் சாட்சி. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப்பானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவருடைய பேரில் தமிழும் வேதமும் கைகோத்து நிற்கின்றன.

கடைசியாக 'மார்கரெட்' என்ற பேரைப் பார்த்தேன். கிரேக்கு பாஷையில் அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? முத்து!

மறுநாள் சொன்னேன்: "அக்கா, ஒங்க அப்பா வச்சதும் அதே பேருதான். மாத்தாண்டாம்." அவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். முத்துவாகவே தண்ணீரில் இறங்கி, முத்துவாகவே கரையேறினார்கள்.

பிரியமானவர்களே, இதற்கு முன் இரண்டு பேரை நானே பேர் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். நல்ல மேய்ப்பன் தம் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் (யோவான் 10:3). அவருக்கு நம் பேர் தெரியும். மாறவேண்டியது பேரல்ல, நம் இருதயம். ஆமென்.