குளிரிலும் மழையிலும் பயன்படும் வீட்டுத் தோட்டம்

இலண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஒக்டோபர் இறுதியில் மூடப்படும் பின்கதவு ஏப்ரல் வரை திறக்கப்படுவதில்லை. ஆண்டின் பாதிக்காலம் தோட்டம் யன்னல் வழியே பார்க்கப்படும் ஒரு காட்சியாக மட்டுமே நின்றுவிடுகிறது. இவ்விழப்பு முதியோரையே அதிகம் பாதிக்கிறது. தனியே பேருந்தேறிச் செல்லத் தயங்கும் ஒருவருக்கு, பின்கதவுக்கு அப்பாலுள்ள சிறு நிலமே அன்றாட வெளியுலகம் ஆகும்.

இதற்குக் குளிர் மட்டும் காரணமன்று. குளிரைத் தடித்த மேலாடையால் தாங்கிக்கொள்ளலாம். வழுக்கும் தரை, ஊடுருவும் காற்று, நனைந்த இருக்கை, முன்கூட்டியே கவியும் இருள் ஆகிய நான்குமே மக்களை வீட்டினுள் இருத்துகின்றன. இவற்றை நீக்கும் வழிகளும், அவ்வாறு செய்யும்போது கவனிக்க வேண்டிய விதிகளும் கீழே விளக்கப்படுகின்றன.

1. வெயில் விழும் இடத்தை அறிதல்

டிசம்பர் 21ஆம் திகதியளவில் இலண்டனில் சூரியன் காலை 8 மணியளவில் உதித்து, பிற்பகல் 4 மணிக்குச் சற்று முன்னர் மறைகிறது. அன்று நண்பகலிலும் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்திலேயே நிற்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அவ்வுயரம் ஏறத்தாழ 57 பாகை. அங்கே நிழலைத் தேடி அமர்ந்து பழகியவர்கள் இங்கே வெயிலைத் தேடி அமர வேண்டியுள்ளது.

சூரியன் தாழ்ந்து நிற்பதால் நிழல் நீள்கிறது. 2 மீற்றர் உயரமான வேலியின் நிழல் டிசம்பர் நண்பகலில் 7 மீற்றருக்கு மேலும், 6 மீற்றர் உயரமான சுவரின் நிழல் ஏறத்தாழ 22 மீற்றர் வரையும் நீளும். எனவே கோடையில் வெயில் விழுந்த இடத்தை நம்பி இருக்கையை அமைப்பது பயன் தராது. மேகமற்ற ஒரு குளிர்கால நாளில் காலை 11 மணி, நண்பகல், பிற்பகல் 2 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் வெயில் படும் இடங்களைச் சிறு குச்சிகளால் குறித்துக்கொள்ள வேண்டும். குறிகள் நெருங்கி அமையும் இடமே இருக்கைக்கு உகந்தது. வீட்டின் தெற்கே தோட்டம் இருந்தால் அது பெரும்பாலும் வீட்டுச் சுவரை ஒட்டியே அமையும். வடக்கே தோட்டம் உள்ளவர்கள், வெயில் கிடைக்காவிடினும் வானம் விரிந்து தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இந்நாட்டு வெயிலிலிருந்து உடல் போதிய விற்றமின் டி ஆக்கிக்கொள்ள இயலாது. இக்காலத்தில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது குறித்து அனைவரும் சிந்திக்க வேண்டும் என்பதும், தெற்காசிய வம்சாவளியினர் போன்ற கருநிறத் தோலுடையோர் ஆண்டு முழுவதும் அவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதும் அரசின் சுகாதார ஆலோசனை ஆகும். தோட்டத்து வெயில் மனத்துக்கு இதம் தரும்; ஆனால் அம்மாத்திரைக்கு ஈடாகாது.

2. உறுதியான பாதை

இலண்டனின் பெரும்பகுதியில் நிலத்தின் கீழிருப்பது நீரை எளிதில் வடியவிடாத களிமண். ஈரமான வேளையில் அதன்மீது நடந்தால் மண் மேலும் இறுகி, நீர் தேங்கும். ஆகவே பின்கதவிலிருந்து இருக்கை வரை கற்பலகை அல்லது நன்கு இறுக்கப்பட்ட சரளைப் பாதை ஒன்று முதலில் தேவை. ஊன்றுசட்டம் பயன்படுத்துவோருக்குச் சரளையை விடக் கற்பலகையே பாதுகாப்பானது. பாதை வீட்டுக்கு எதிர்த்திசையில் சற்றுச் சரிய வேண்டும். சுவரை ஒட்டிய தளம் சுவரின் ஈரத்தடுப்புப் படைக்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். இல்லையேல் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறும். வழுக்கும் பாசியை வன்மையான தும்புத்தடியால் அவ்வப்போது தேய்த்து அகற்றலாம்.

3. காற்றைத் தணித்தல்

முழுதும் அடைத்த வேலி காற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. காற்று அதன்மேல் ஏறி மறுபுறம் சுழன்று விழுகிறது. இடைவெளியுள்ள மரச்சட்டமும் அதில் படரும் கொடியும், அல்லது அடர்ந்த செடிவேலியும், காற்றின் வேகத்தைச் சீராகக் குறைக்கும்.

4. கூரையும் விதிகளும்

நனையாத இருக்கைக்குச் சிறு கூரை ஒன்றே போதும். இங்கிலாந்தில் தனிக்குடும்ப வீட்டின் பின்தோட்டத்தில், சுவரைத் தொடாமல் தனித்து நிற்கும் பந்தலுக்குப் பொதுவாகத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. ஆயினும் எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் அமையுமாயின் அதன் உயரம் 2.5 மீற்றரை மீறலாகாது. தரையிலிருந்து உயர்த்தப்படும் மேடை 30 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. பின்னர் சேர்க்கப்பட்ட கட்டடங்கள் யாவும், முதலில் கட்டப்பட்ட வீட்டைச் சூழ்ந்த நிலத்தின் பாதியை விஞ்சலாகாது.

வீட்டுச் சுவருடன் இணையும் கூரைக்கு வேறு விதிகள் பொருந்தும். தொடர்மாடி வீடுகளுக்கு இவ்விலக்கு இல்லை. வரலாற்றுச் சிறப்புக்காகப் பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கும் பாதுகாப்புப் பகுதிகளுக்கும் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. வாடகைக்கு வாழ்வோர் வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலை முற்கூட்டியே பெறுவது நன்று.

5. ஒளியும் வெப்பமும்

பாதையோரத்தில் தாழ்ந்த, கண் கூசாத விளக்குகள் போதுமானவை. சூரிய ஒளியில் இயங்கும் விளக்குகள் டிசம்பரில் விரைவில் மங்கும் என்பதால், படிகளுக்கு அவற்றை நம்பலாகாது. வெளிப்புற மின்னிணைப்பைத் தகுதிபெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

கரி அடுப்பை மூடிய பந்தலுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஒருபோதும் கொண்டுசெல்லலாகாது. நெருப்பு தணிந்த பின்னரும் அதிலிருந்து காபன் மொனொக்சைட்டு வெளிப்படும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு உயிரைப் பறிக்கும். திறந்த வெளியில் எரிப்பினும், அயலவரைத் தொடர்ந்து வருத்தும் புகை 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தொல்லையாகக் கருதப்படலாம். போர்வையும் சூடான தேநீர்க் குடுவையும் எவ்விதியையும் மீறுவதில்லை.

6. வெளியே அழைக்கும் செடிகள்

குளிர்காலத்தில் இலண்டனில் மலரும் மஞ்சள் மல்லிகைக்கு மணமில்லை. மணம் விரும்புவோர் சார்கோகொக்கா என்னும் சிறு பசுஞ்செடியைக் கதவருகே நடலாம். நிழலிலும் வளரும் அதன் நுண்ணிய வெண்மலர்கள் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான காலத்தில் மணம் பரப்பும். செந்தண்டு கொண்ட டொக்வுட் செடி இலையுதிர்ந்த பின்னரே முழு அழகையும் காட்டும்.

இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. முதலாம் ஆண்டில் பாதையும் ஒரு வாங்கும் அமைத்தாலே, வீட்டிலுள்ள முதியவர் மழை விட்ட பத்து நிமிடத்துக்கு அஞ்சாமல் வெளியே சென்று வர இயலும். கூரைக்குச் செலவிடுமுன் நகரசபையின் திட்டமிடல் பிரிவிடம் விதிகளை உறுதிப்படுத்திக்கொள்வது, பின்னர் அதனை அகற்ற நேரும் இழப்பைத் தவிர்க்கும்.