கம்ப்யூட்டர் போட்டால் ரேடியோ இரைகிறதா? எர்த்தைக் கவனியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். அதே மேசையில் ரேடியோவும் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வானிலை அறிக்கையின் மேல் ‘கொர்ர்’ என்று இரைச்சல் ஏறிக்கொள்கிறது. கேபினட்டைத் தொட்டால் விரலில் ‘சுர்’ரென்கிறது. இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் காரணம் ஒன்றே: சரியில்லாத எர்த்.

இரைச்சல்தானே என்று விட்டுவிட முடியாது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. சுற்றுக் கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் தகவல்கள் விஎச்எஃப் வயர்லெஸ் மூலமும் போயின. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர முன்னறிவிப்பு, வில்லியனூரிலிருந்து வீராம்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டு, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசிக்கப்பட்டது. இப்படிப்பட்ட செய்தியில் ஒரே ஓர் எண் இரைச்சலில் மூழ்கினாலும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரைச்சல் எப்படி வருகிறது?

கேபினட்டின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி இருக்கிறது. இது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தைக் குறைந்த வோல்டேஜ் டி.சி.யாக மாற்றுகிறது. இதற்காக வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டு விட்டு ஓட்டுகிறது. அப்போது ரேடியோ அலைகளும் பிறக்கின்றன. அவற்றை எர்த்துக்குத் திருப்பிவிட உள்ளே சிறு கெபாசிட்டர்கள் கொண்ட ஃபில்டர் உண்டு.

எர்த் இல்லாவிட்டால் அந்த ஃபில்டருக்குப் போக்கிடம் இல்லை. கேபினட்டில் சுமார் 115 வோல்ட் தங்குகிறது. கரன்ட் மிகக் குறைவு என்பதால் ‘சுர்’ரென்பதோடு நிற்கிறது. ஆனால் கேபினட்டும் அதன் வயர்களும் ஏரியல் போல் இரைச்சலைப் பரப்புகின்றன. உள்ளே ஒரு வயரின் காப்பு கெட்டு கேபினட்டைத் தொட்டால், அதே கேபினட் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

1. பேட்டரியில் ஓடும் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் கம்ப்யூட்டர்தான் காரணம். நிற்காவிட்டால் செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு என ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். இரண்டு பின் சார்ஜருக்கு எர்த்தே கிடையாது. அதைத் தள்ளி வைப்பதுதான் வழி.

2. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்தான் எர்த். அதை வெட்டாதீர்கள். இரண்டு பின் அடாப்டரில் செருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று துளை இருந்தாலும், உள்ளே இரண்டு வயர் மட்டுமே இருக்கலாம். திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

3. எலெக்ட்ரீஷியனை அழைத்து ஸ்விட்ச் பாக்ஸை அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும். மீட்டரில் சரியாகத் தெரிந்தாலும் எர்த் பலவீனமாக இருக்கலாம். எர்த் டெஸ்டரால் அளப்பதே நம்பகமானது.

4. எர்த் குழியைப் பாருங்கள். பைப் எர்த் என்றால் ஜி.ஐ. பைப் 2.5 மீட்டராவது மண்ணுக்குள் போக வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும், தண்ணீர் ஊற்றுங்கள். துருப்பிடித்த கிளாம்பை மாற்றுங்கள். எர்த்தையும் நியூட்ரலையும் வீட்டுக்குள் நீங்களாக இணைக்கவே கூடாது.

5. பிறகும் இரைச்சல் மிச்சமிருந்தால் ரேடியோவை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டர் வயர்களில் ஃபெரைட் வளையம் மாட்டலாம்.

லாரியிலும் இதே பாடம்தான்

பாகூரிலிருந்து நெல் ஏற்றிப் போகும் லாரியில் மண்ணுக்குள் பைப் இறக்க முடியாது. அங்கே ஏரியலுக்கு வண்டியின் இரும்பு உடல்தான் எர்த். ஏரியலின் அடிப்பாகம் பெயின்ட் மேல் உட்கார்ந்தால் பயனில்லை. பெயின்டைச் சுரண்டி, இரும்போடு இறுக்க வேண்டும். மரச்சட்டத்தில் கட்டிய கேபின் என்றால், அகலமான பின்னல் வயரால் சேஸியோடு இணைக்க வேண்டும். எர்த் சரியான பிறகும், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கச் சத்தம் கீச்சென்று உயர்ந்தால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வாங்குமுன் எர்த்தைச் சரிசெய்யுங்கள். எர்த் இல்லாத வீட்டில் யு.பி.எஸ். வைத்தாலும் கேபினட் ‘சுர்’ரென்பது நிற்காது.