எரிந்தால்தான் நிறம் வருமா?

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணின் முகத்துக்கு எல்லோரும் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அத்தை சொல்வதும், பக்கத்து வீட்டு மதினி சொல்வதும், கைபேசிக் காணொளி சொல்வதும் ஒன்றுதான். பாதி எலுமிச்சம்பழத்தை ஆப்பசோடாவில் தொட்டு முகத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும், எரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், பழைய தோல் உரிந்து உள்ளேயிருக்கும் வெள்ளைத் தோல் வெளியே வரும்.

வெள்ளைத் தோல் என்று உள்ளே எதுவும் இல்லை. நிறமியை உண்டாக்கும் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. மேலே தேய்ப்பதால் அவை போகாது. புண்ணாகும் அளவுக்குத் தேய்த்தால் இன்னும் அதிகமாக நிறமியைச் சுரக்கும். நம் மாநிறத்தில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகும் இந்த யோசனையை எப்படித்தான் சொல்கிறார்களோ!

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு ஏறக்குறைய 2, முகத்தோலுடையது 5-ஐ ஒட்டியது. ஒவ்வொரு எண்ணுக்கும் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறும் என்பதால், தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலமான ஒன்றை முகத்தில் பூசச் சொல்கிறார்கள். ஆப்பசோடாவோ 8-ஐத் தாண்டிய காரம். இரண்டும் சேரும்போது பொங்கும் நுரை வெறும் கரியமில வாயு. அழுக்கு பொங்கி வருவதாக நினைப்பது தவறு.

இதைவிட மோசமானது வெயில். எலுமிச்சை இனத்துப் பழங்களில், முக்கியமாகத் தோலில், ஃபியூரோகுமரின் என்ற பொருள் உண்டு. அது பட்ட இடத்தில் புற ஊதா ஒளி விழுந்தால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பி, கரும்பழுப்புத் தழும்பு தங்கிவிடும். வெயிலில் நின்று எலுமிச்சை பிழிந்து மார்கரிட்டா என்ற மதுக்கலவையைத் தயாரிப்பவர்களின் கைகளில் அடிக்கடி காணப்படுவதால், மேல்நாடுகளில் இதற்கு ‘மார்கரிட்டா எரிகாயம்’ என்றே பெயர். நம் புளியங்குடி எலுமிச்சைக்கும் தனிச் சலுகை கிடையாது. ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் அது அருமையான பழம், அதோடு நிற்கட்டும்.

தாமிரபரணித் தண்ணீரில் தாமிரம் இருப்பதால் குளித்தாலே தோல் புதுப்பிக்கப்படும் என்று சிலர் சொல்வதற்கும் ஆதாரமில்லை. குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்தால் உடம்பு குளிரும், அழுக்குப் போகும். எலுமிச்சைக்குப் பதிலாகத் தேய்க்கச் சொல்லும் சீனியும் வாதுமை ஓட்டுத் தூளும் முகத்துக்கு முரடு. பாசிப்பயறு மாவை நன்றாகச் சலித்து, குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவினால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை.

இளவயதில் மேல்தோல் சுமார் 28 நாளில் தானாகவே புதிதாகிவிடுகிறது. அதற்கு மேலும் உதவி வேண்டுமென்றால், 10 சதவீதத்துக்கு மிகாத, பிஎச் 3.5-க்குக் குறையாத லாக்டிக் அல்லது கிளைகாலிக் அமிலம் போதும். வாரம் ஒன்றிரண்டு இரவு பூசலாம். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிட வேண்டும். வீரியமான ‘பீலிங்’ திரவங்களை இணையத்தில் வாங்கி வீட்டில் பூச வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024-ல் எச்சரித்தது.

எலுமிச்சையால் முகம் கறுத்தவர்கள் அடுத்துப் போய் நிற்பது மருந்துக் கடையில். அங்கே மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கப்படும் ‘மங்கு களிம்பு’ பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து சிவந்து பரு வெடிக்கும். 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் ஆணையிட்டது. ஆணை இருந்தும் விற்பனை நடக்கிறது என்றால், பாளையங்கோட்டை முதல் அம்பாசமுத்திரம் வரை ஒவ்வொரு கடையிலும் அதிகாரிகள் சோதிக்க வேண்டும். பெயர் தெரியாத வெளுப்புக் களிம்புகள் இன்னும் ஆபத்து. கேரளத்தின் கோட்டக்கலில் 2023-ல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த சிலர் பூசியவற்றில் பாதரசம் இருந்தது.

ஸ்டீராய்டு களிம்பை ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் இன்னும் மோசமாகச் சிவக்கலாம். அந்த டியூபையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.