பாடம் 9: கண்ணுக்கு நேரே திரை

நுழையும்முன்

'மடி' என்னும் சொல் அமர்ந்திருப்பவரின் தொடைமேல் அமையும் இடத்தைக் குறிக்கும். 'மடித்து வை' என்னும் பொருளில் ஏவல் வினையாகவும் வரும். மடிக்கணினிக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன. எனினும், மடியில் வைக்கத்தக்க ஒரு கருவியில் நாள்தோறும் நெடுநேரம் படிக்கலாமா? சூளூர்பேட்டையில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை வழியே இதனை அறிவோம்.

சூளூர்பேட்டை தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் ஒரு சிறிய வீடு. தந்தை ஸ்ரீசிட்டியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மகள் எட்டாம் வகுப்பு மாணவி. மகன் நான்காம் வகுப்பு மாணவன். பல மாதச் சேமிப்பில் அவ்வீட்டிற்கு ஒரு மடிக்கணினி வந்தது. உணவு மேசையின் ஒரு மூலையே அதன் இடம். மாலைதோறும் மகள் அதன் முன் அமர்ந்து பாடங்களை முடிப்பாள்.

ஒரு மாதம் கடந்தது. அவளுடைய பிடரியில் வலி தொடங்கியது. அவள் அதனை ஒருவரிடமும் கூறவில்லை. கூறினால் கணினியை எடுத்துப் பூட்டிவிடுவார்களோ என்னும் அச்சம் அவளுக்கு. ஓரிரவு, உறக்கம் வராமல் அவள் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்ததைத் தாய் கண்டுவிட்டார்.

"எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று தாய் கேட்டார்.

"மூன்று வாரமாக, அம்மா. கணினியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்" என்றாள் மகள்.

அந்த வாரம் பொன்னேரியிலிருந்து தாத்தா வந்திருந்தார். அவர் இளமையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். பேத்தி படிக்கும் நிலையைச் சற்று நேரம் உற்றுநோக்கினார். அவளுடைய முதுகு வில்லாக வளைந்திருந்தது. முகவாய் மார்பைத் தொடும் அளவிற்குத் தலை கவிழ்ந்திருந்தது.

"அம்மா, நாங்கள் கணக்கெழுதிய மேசைப்பெட்டியின் மூடி சாய்வாக இருக்கும். ஏடு எங்களை நோக்கி எழும்பி நிற்கும். நீயோ கருவியை நோக்கிக் குனிகிறாய். கருவி உன்னை நோக்கி எழும்பட்டும்" என்றார்.

பழங்காலம் தொட்டே மக்கள் இதனை அறிந்திருந்தனர். இராமாயணம் பாராயணம் செய்வோரும், திருக்குர்ஆன் ஓதுவோரும் பெருக்கல் குறிபோல் விரியும் மரத்தாங்கியில் நூலை வைத்துப் படிப்பதை இன்றும் காணலாம்.

தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோகிராம். தலை நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்பு அதனை எளிதில் தாங்கும். குனியக் குனியச் சுமை பெருகும். நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ஆம் ஆண்டு ஒரு கணக்கீட்டை வெளியிட்டார். அதன்படி, தலை 15 பாகை சாய்ந்தால் கழுத்தின்மேல் ஏறத்தாழ 12 கிலோகிராம் சுமை விழுகிறது; 60 பாகை சாய்ந்தால் அது ஏறத்தாழ 27 கிலோகிராம் ஆகிறது.

தாங்கி வாங்கும் முன் சோதித்துப் பார்க்கத் தந்தை விரும்பினார். பழைய பாடநூல்களை அடுக்கி அவற்றின்மேல் கணினியை வைத்தார். திரையின் மேல்விளிம்பு மகளின் கண்மட்டத்திற்கு வந்ததும் அடுக்குவதை நிறுத்தினார். அவள் முதுகு தானே நிமிர்ந்தது. அனைவரும் மகிழ்ந்தனர்.

அரைமணி நேரத்தில் மகள் எழுந்துவிட்டாள். "கழுத்து வலிக்கவில்லை, இப்பொழுது தோள் வலிக்கிறது" என்றாள். திரையோடு விசைப்பலகையும் உயர்ந்துவிட்டது அல்லவா? கைகளை அந்தரத்தில் தூக்கியபடியே அவள் தட்டச்சு செய்திருக்கிறாள்!

மடிக்கணினியின் குறை இதுவே. எடுத்துச் செல்வதற்காகத் திரையையும் விசைப்பலகையையும் ஒன்றாக இணைத்துள்ளனர். கண்ணுக்கு ஏற்ற உயரம் கைக்கு ஏற்றதன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவூர்தி புறப்படும் நாளில் கட்டுப்பாட்டு அறையைத் தொலைக்காட்சியில் காணும் மாணவர்கள், அங்குள்ள மேசைகளைக் கவனிக்கலாம். திரை முகத்திற்கு எதிரே நிற்கும்; விசைப்பலகை கைக்கருகே தனியாக இருக்கும்.

தந்தை நண்பர் ஒருவரிடமிருந்து பழைய விசைப்பலகையும் சுட்டியும் வாங்கி வந்து இணைத்தார். முழங்கை செங்கோணமாக மடங்க, தோள் தளர்ந்தது. ஆனால், கணினியின் அடிப்பகுதி சூடேறியது. அங்குள்ள காற்றுத் துளைகளை நூல்கள் அடைத்திருந்தன. நூலடுக்கு அளவு பார்க்க மட்டுமே உதவும், நாள்தோறும் பயன்படுத்த உதவாது என்பது தெளிவாயிற்று.

ஞாயிறன்று கடைக்குச் சென்றனர். நூலடுக்கின் உயரத்தை மகள் அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டாள்: 14 சென்டிமீட்டர். முதலில் கண்ட தாங்கி அழகாக இருந்தது. ஆனால், விரலால் தொட்டதும் ஆடியது. இரண்டாவது உறுதியாக இருந்தது, உயரமோ மாறாதது. மூன்றாவதன் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. அடியில் காற்றோட்டத்திற்கு இடைவெளியும், கணினி வழுக்காதிருக்க இரப்பர்ப் பட்டையும், முன்புறம் சிறு தடுப்பும் இருந்தன. அதையே வாங்கினர்.

வீடு திரும்பியதும் மகள் தாங்கியை 14 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினாள். திரையை ஒரு கை நீளத் தொலைவில் வைத்தாள். சன்னல் ஒளி திரையில் பட்டுக் கண் கூசாதவாறு பக்கவாட்டில் அமர்ந்தாள். கால் தரையில் படியாததால், தாத்தா ஒரு மணைப்பலகையை அடியில் இட்டார். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து சன்னல் வழியே தொலைவைப் பார்க்க வேண்டும் என்பது தாயின் கட்டளை. எத்தாங்கியாயினும், அசையாமல் அமர்ந்தே இருப்பதற்கு அது மருந்தாகாது.

இரண்டு வாரங்களில் வலி பெரிதும் குறைந்தது. வலி நீடித்தால் மருத்துவரிடம் செல்லலாம் என்று தாய் கூறினார். "இனி எது வலித்தாலும் முதலில் சொல். கருவியைப் பூட்டுவதற்கு முன், அது உனக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம்" என்றார்.

அன்று மாலை தம்பி அந்த இருக்கையில் அமர்ந்தான். திரை அவனுடைய கண்மட்டத்திற்குமேல் நின்றது, அண்ணாந்து பார்த்தான். அக்காள் சிரித்தபடி தாங்கியைத் தாழ்த்தி, அவன் கண்மட்டத்திற்குக் கொண்டுவந்தாள். பிறகு தன் குறிப்பேட்டில் 14க்குக் கீழே இன்னோர் எண்ணை எழுதினாள்: 9.

சொல்லும் பொருளும்

பிடரி – கழுத்தின் பின்புறம்
முகவாய் – மோவாய்
மண்டி – மொத்த வணிகக் கடை
பாகை – கோணத்தின் அளவு
மணைப்பலகை – அமர்வதற்குப் பயன்படும் தாழ்ந்த பலகை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. திரையின் மேல்விளிம்பு ______ மட்டத்தில் இருத்தல் வேண்டும்.
2. தட்டச்சு செய்யும்போது முழங்கை ______ ஆக மடங்க வேண்டும்.

ஆ. குறுவினா
1. மகள் தன் வலியை மறைத்தது ஏன்?
2. கணினியை உயர்த்திய பின் தோள் வலித்ததற்குக் காரணம் யாது?
3. நூலடுக்கைத் தாங்கியாகத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாதது ஏன்?

இ. சிந்தனை வினா
இரண்டாவது தாங்கி உறுதியாக இருந்தும் அக்குடும்பம் அதனை வாங்காதது சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. கற்பவை கற்றபின்
வீட்டில் நீவிர் படிக்கும் இடத்தில் மேசையிலிருந்து உம் கண்மட்டம் வரையுள்ள உயரத்தைப் பெற்றோர் துணையுடன் அளந்து எழுதுக. ஓர் ஆண்டு கழித்து மீண்டும் அளந்து ஒப்பிடுக.