பெட்ரோல் டாங்க் ஓர் அளவுப் பாத்திரமா?

மாணவர்களே! படியால் அரிசி அளந்து விற்ற காலத்தில், படி நிறைந்ததும் மேலே குவிந்ததைக் கையால் வழித்துத் தலைதட்டி விடுவார்கள். அப்போதுதான் அளவு சரியாக இருக்கும். அளப்பதற்கென்றே செய்யப்பட்ட பாத்திரத்துக்கு இந்த முறை பொருந்தும். ஒரு காரின் பெட்ரோல் டாங்க்கையும் இவ்வாறே அளவுப் பாத்திரமாகக் கருதலாமா? கருதக்கூடாது என்பதையும், அதற்கான காரணங்களையும் இக்கட்டுரையில் காண்போம். நீங்கள் வகுப்பில் படிக்கும் வெப்பவியலும் திரவவியலும் இதற்கு நமக்குத் துணை செய்யும்.

எடுத்துக்காட்டாக அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்னும் ஊரில் உருவாக்கப்பட்ட கார் இது. 2014-ஆம் ஆண்டு இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் இன்னும் அக்கறையோடு பாதுகாத்து ஓட்டி வருகிறார்கள். இதன் டாங்க் கொள்ளளவு 54 லிட்டர் என்று குறிப்பிடப்படுகிறது.

இப்போது ஒரு கேள்வி. முள் ‘காலி’ என்ற குறியைத் தொட்ட நிலையில் பங்க்கில் காரை நிறுத்தி, டாங்க்கின் வாய்வரை பெட்ரோல் நிரப்பச் சொல்கிறோம். மீட்டர் 54 லிட்டரையும் தாண்டி 55 என்று காட்டுகிறது. “54 லிட்டர் டாங்க்கில் 55 லிட்டர் எப்படிப் போகும்? மீட்டரில் மோசடி!” என்று சண்டை தொடங்கிவிடும். இச்சண்டையில் நியாயம் யார் பக்கம்? தீர்ப்புக்கு முன் பெட்ரோலின் குணங்களைத் தெரிந்துகொள்வோம்.

வெப்பத்தால் விரியும் பெட்ரோல்

திரவங்கள் வெப்பத்தால் விரிவடைகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்பநிலை 1° செ. உயர்ந்தால் அதன் பருமன் ஏறத்தாழ 0.00095 லிட்டர், அதாவது 0.95 மி.லி. கூடுகிறது. இதுவே அதன் பரும விரிவு எண். நாம் வழக்கமாகக் காணும் வெப்பநிலைகளில் நீர் விரிவதைப் போல இரு மடங்குக்கும் மேலாகப் பெட்ரோல் விரிகிறது.

பங்க்கில் பெட்ரோல் நிலத்தடித் தொட்டியில் சேமிக்கப்படுகிறது. அதன் வெப்பநிலை 28° செ. என்று கொள்வோம். 54 லிட்டரை டாங்க்கின் விளிம்புவரை நிரப்பி, காரைச் சித்திரை வெயிலில் நிறுத்துகிறோம். பெட்ரோல் 40° செ. வரை சூடாகிறது. வெப்பநிலை உயர்வு 12°.

பருமன் உயர்வு = 54 × 0.00095 × 12 = 0.616 லிட்டர்.

டாங்க்கும் வெப்பத்தால் விரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். எஃகின் நீள விரிவு எண் 0.000012. பரும விரிவு எண் அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 0.000036. இதன்படி டாங்க்கின் கொள்ளளவு 54 × 0.000036 × 12 = 0.023 லிட்டர் மட்டுமே கூடும். ஆகவே 0.616 − 0.023 = 0.593 லிட்டர், அதாவது அரை லிட்டருக்கும் அதிகமான பெட்ரோல், இருக்க இடமின்றி வெளியே வரப் பார்க்கும். பழைய கார்களில் மூடியின் வழியாகவே அது கசியும். காசும் வீண், ஆபத்தும் கூட.

இதற்காகவே டாங்க்கின் மேற்பகுதியில் காலியிடம் விடப்படுகிறது. தயாரிப்பாளர் சொல்லும் கொள்ளளவு, அந்தக் காலியிடத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்லும் அளவு. நிரப்பும் குழாயின் கழுத்திலும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். எனவே விளிம்புவரை ஊற்றினால் சொன்ன அளவைவிடக் கூடுதலாக உள்ளே போவதில் வியப்பில்லை.

முள் சொல்வது முழு உண்மையா?

பழைய காரின் பெட்ரோல் மானி எளிய கருவி. டாங்க்கினுள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும். மிதவையோடு இணைந்த கம்பி ஒரு மின்தடைச் சுருளின் மேல் நகரும். அதனால் மின்னோட்டம் மாறி, ஓட்டுநரின் முன்னுள்ள முள் நகர்கிறது.

இக்கருவி அளப்பது பெட்ரோலின் மட்டத்தைத்தான், பருமனை அன்று. டாங்க் மேலும் கீழும் ஒரே அகலமாக இல்லாவிட்டால், முள் பாதியைக் காட்டும்போது பெட்ரோலும் சரிபாதி இருக்கும் என்று சொல்ல முடியாது. மேட்டில் ஏறும்போது ஓர் அளவும் சமதளத்தில் வேறோர் அளவும் காட்டுவதும் இதனால்தான். ‘காலி’ என்ற குறியை முள் தொடும்போதும் அடியில் சில லிட்டர்கள் இருப்பது வழக்கம். அதை நம்பி வண்டியை ஓட்டிச் செல்வது நல்லதல்ல. மட்டம் மிகத் தாழ்ந்தால், வளைவிலும் ஏற்றத்திலும் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்க, உறிஞ்சும் குழாய்க்குள் காற்று புகுந்து என்ஜின் நின்றுபோகலாம்.

நாசில் எப்படித் தானாக நிற்கிறது?

டாங்க் நிறைந்ததும் ‘டக்’ என்ற ஒலியோடு நாசில் தானாக நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கண்ணோ மின்சாரமோ இல்லை. இத்தாலிய இயற்பியலார் வெஞ்சுரி (1746–1822) ஆராய்ந்த ஒரு விளைவுதான் வேலை செய்கிறது.

குறுகிய வழியில் பாயும் திரவத்தின் வேகம் கூடும். அங்கே அழுத்தம் குறையும். நாசிலின் நுனியருகே ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், உள்ளே உள்ள குறுகலான பகுதிக்குச் செல்கிறது. பெட்ரோல் பாயும்போது அங்கே அழுத்தம் குறைவதால் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்படுகிறது. பெட்ரோல் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் காற்று வருவது நின்றுவிடும். உடனே உள்ளே அழுத்தம் மேலும் குறைந்து, ஒரு மெல்லிய சவ்வு இழுக்கப்படுகிறது. சவ்வோடு இணைந்த கொக்கி விடுபட்டு வால்வு மூடிக்கொள்கிறது. அம்பாசிடரின் கார்புரேட்டரில் காற்று பெட்ரோலை இழுத்துச் செல்வதும் இதே தத்துவத்தால்தான்.

ஆகவே முதல் ‘டக்’ ஒலியோடு நிறுத்திவிடுவதே முறை. “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்று மீண்டும் மீண்டும் அழுத்தினால், விரிவுக்காக விட்ட காலியிடத்தையே நிரப்புகிறோம்.

விடியற்காலையில் போட்டால் லாபமா?

குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தி மிக்கது. ஆகவே காலையில் போட்டால் அதே காசுக்குக் கூடுதல் பெட்ரோல் கிடைக்கும் என்பார்கள். தத்துவம் சரி, ஆனால் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். பகலின் வெப்பமும் இரவின் குளிரும் மண்ணின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு நாளுக்குள் ஏற்படும் வெப்பநிலை மாற்றம் மிகமிகக் குறைவு. பெட்ரோலின் வெப்பநிலை 1° மாறியது என்றே வைத்துக்கொண்டாலும், 30 லிட்டரில் வேறுபாடு 30 × 0.00095 = 0.0285 லிட்டர். ஒரு சிறு தேநீர்க் குவளைகூட நிறையாது! இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாதி டாங்க் மட்டும் போட்டால் பாரம் குறைந்து மைலேஜ் கூடும் என்பதும் இப்படிப்பட்டதே. 27 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 20 கிலோ. சுமார் 1,100 கிலோ எடையுள்ள காருக்கு இது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மறுபுறம், அதிகம் ஓடாமல் நிற்கும் காரில் டாங்க் வெறுமையாக இருந்தால், அந்த இடத்தில் ஈரக்காற்று புகுந்து இரவில் நீர்த்துளிகளாகப் படியலாம். எஃகு டாங்க்கில் துருப்பிடிக்க இது வழிசெய்யும்.

சரியான அளவை எப்படிச் சோதிப்பது?

இனி நம் வழக்குக்கு வருவோம். டாங்க் அளவுப் பாத்திரம் அல்ல. முள்ளும் துல்லியமான சாட்சி அல்ல. எனவே 55 லிட்டர் காட்டியதை மட்டும் வைத்துப் பங்க்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அதே காரணத்தால், மீட்டர் 50 லிட்டர் காட்டியதை வைத்து அவர் நேர்மையானவர் என்று சான்றிதழ் கொடுக்கவும் முடியாது! சந்தேகம் வந்தால் அதற்கு உரிய பாத்திரம் வேறு உண்டு.

ஒவ்வொரு பங்க்கிலும் அரசின் எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மி.லி. வரை வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. அதைவிடக் குறைந்தால் புகார் செய்யலாம்.

தரத்தையும் சோதிக்கலாம். ஒரு வடிதாளில் ஒரு சொட்டுப் பெட்ரோலை விட்டால், அது கறை விடாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியைச் சோதிக்க ஜாடி, திரவமானி, வெப்பமானி ஆகியவை பங்க்கில் இருக்கும். 30° செ. வெப்பநிலையில் அடர்த்தி கன மீட்டருக்கு 730 கி.கி. என்று கிடைத்தால், 15° செ. அளவில் அது 730 × (1 + 0.00095 × 15), அதாவது சுமார் 740 கி.கி. ஆகும். இந்தக் கணக்கைத்தான் அங்குள்ள அட்டவணை நமக்காகச் செய்து தருகிறது. அன்றைய பதிவேட்டில் உள்ள அளவிலிருந்து இது 3 கி.கி.-க்கு மேல் வேறுபடக்கூடாது. ஊற்றத் தொடங்கும்முன் மீட்டரில் ஜீரோ பார்ப்பதையும் மறக்கக்கூடாது.

மைலேஜ் கணக்கு

முதல் ‘டக்’ வரை நிரப்பி, கிலோமீட்டர் காட்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கி.மீ.-க்குக் குறையாமல் ஓடியபின், அதே பங்க்கில் மீண்டும் முதல் ‘டக்’ வரை நிரப்புங்கள். ஓடிய தூரம் 324 கி.மீ., இரண்டாம் முறை ஊற்றியது 30 லிட்டர் எனில், மைலேஜ் 10.8 கி.மீ.

நாசில் நிற்கும் மட்டம் சற்று மாறி அரை லிட்டர் பிழை வந்தால், 30 லிட்டரில் அது 1.7 விழுக்காடுதான். வெறும் 5 லிட்டர் செலவழித்துக் கணக்கிட்டால் அதே பிழை 10 விழுக்காடாகிவிடும். அளவு பெரிதாக, பிழையின் பங்கு சிறிதாகும் என்ற பாடம் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதல்ல.

உயிர் காக்கும் கவனங்கள்

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. −40° செ. குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகிறது. காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடுவரை ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும். எனவே பெட்ரோல் போடும்போது என்ஜினை நிறுத்த வேண்டும். புகைபிடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் வாங்கக்கூடாது. பாயும் பெட்ரோலால் உண்டாகும் நிலைமின்சாரம் அதில் தேங்கிப் பொறியாகலாம். காலியான பெட்ரோல் டின் ஆபத்தற்றது என்று எண்ணுவதும் தவறு. உள்ளே ஆவியும் காற்றும் கலந்திருப்பதால் அது நிறைந்த டின்னைவிட ஆபத்தானது.

டாங்க்கிலிருந்து குழாய் போட்டு வாயால் பெட்ரோலை உறிஞ்சும் பழக்கம் சிலரிடம் உண்டு. சிறிதளவு பெட்ரோல் மூச்சுக்குழலில் போனாலும் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். உயிருக்கே ஆபத்து நேரலாம். யாரேனும் அப்படிச் செய்ய முற்பட்டால் நீங்கள் தடுங்கள்.

இன்னொன்று. இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. அதற்கெனச் செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும் கார்க் அடைப்புகளும் அதனால் கெடக்கூடும். பழைய கார் வைத்திருப்போர் அவற்றில் வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அலட்சியம் செய்யாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பெட்ரோலைத் தொடவே வேண்டாம், நீரே போதும். ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் வண்ண நீரை விளிம்புவரை நிரப்புங்கள். துளையிட்ட தக்கையில் பேனாவின் காலி ரீபிள் குழாயைச் செருகிப் புட்டியை இறுக மூடுங்கள். குழாயில் நீர் நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டு, புட்டியை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். மட்டம் முதலில் இம்மியளவு இறங்கிப் பிறகு ஏறும். முதலில் இறங்குவது ஏன்? மேலே டாங்க்கைப் பற்றிக் கூறியதில் விடை இருக்கிறது.

ஒரு கணக்கும் தருகிறேன். 38 லிட்டர் பெட்ரோல் 26° செ.-லிருந்து 42° செ.-க்குச் சூடானால் எவ்வளவு விரியும்? போட்டுப் பார்த்துவிட்டு விடையைச் சரிபாருங்கள்: சுமார் 578 மி.லி.