பழைய பி.ஏ.பி.எக்ஸ்: புரோகிராமைக் கடைசியில் தொடுங்கள்

அலுவலக டெலிபோன் பெட்டி (பி.ஏ.பி.எக்ஸ்) மக்கர் பண்ணினால் பலரும் முதலில் கேட்பது "பாஸ்வேர்ட் என்ன?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய பெட்டியின் புரோகிராம் இரவோடு இரவாகத் தானே மாறுவது அபூர்வம். கம்பி அறுவதும், மூட்டில் களிம்பு பிடிப்பதும், மின்னல் ஒரு போர்ட்டைக் கருக்குவதும் தெல்தோட்டை போன்ற மலைப்பகுதியில் சாதாரணம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கேட்கவே வேண்டாம். ஆகவே வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: கரண்ட், டெலிகொம் லைன், வயர், போன், அதன் பிறகே புரோகிராம். இங்கே எடுத்துக்கொள்வது பல அலுவலகச் சுவர்களில் இன்னும் தொங்கும் பானசொனிக் கே.எக்ஸ்-டி.இ.எஸ். 824. அடிப்படைப் பெட்டியில் 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன். கார்ட் போட்டால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை போகும்.

முதலில் எத்தனை போன் செத்திருக்கிறது என்று எண்ணுங்கள். எல்லாமே செத்திருந்தால் பிளக், பியூஸ், பவர் சப்ளை. ஒன்று மட்டும் என்றால், அந்தப் போனைக் கழற்றிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிற போர்ட்டில் மாட்டுங்கள். பேசினால் போனில் குற்றமில்லை. அடுத்து அந்தப் போனையே சந்தேகப் போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். அங்கும் பேசினால் குற்றம் இடையிலுள்ள வயரில். பேசாவிட்டால் போர்ட் போய்விட்டது. ஐந்து நிமிட வேலை, மீட்டர்கூடத் தேவையில்லை. உள்ளே பேச முடிந்து வெளியே எடுக்க முடியவில்லை என்றால், டெலிகொம் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிச் சாதாரணப் போன் ஒன்றில் செருகுங்கள். டயல் டோன் இல்லையா? பெட்டியை விட்டுவிட்டு டெலிகொமின் 1212-க்கு அழையுங்கள். சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் அளவில் டீசி இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கு மேல் ஏசி வரும், அதனால் வெறுங்கையால் முனைகளைத் தொடாதீர்கள்.

தோட்ட அலுவலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெக்டரி ஒரு மேட்டில், துரை பங்களா இன்னொரு மேட்டில், மருந்தகம் லயத்துப் பக்கம். பங்களாவில் டிஸ்பிளே உள்ள பானசொனிக் போனை வைத்துவிட்டு, அது அடிக்கடி உயிரை விடுகிறது என்று பெட்டியைத் திட்டுவார்கள். கணக்கு எளிது. 0.5 மி.மீ. செம்புக் கம்பிச் சோடி ஒரு கிலோமீற்றருக்குப் போய்வரச் சுமார் 180 ஓம் தடை காட்டும். டிஸ்பிளே போனுக்குப் பெட்டி அனுமதிப்பது 40 ஓம், அதாவது இருநூற்றுச் சொச்ச மீற்றர்தான். சாதாரணப் போனுக்கோ போனையும் சேர்த்து 600 ஓம். ஆகவே ஒரு கிலோமீற்றர் தள்ளியுள்ள பங்களாவுக்குச் சாதாரணப் போனே சரி. மழை நாளில் மட்டும் கரகரப்பு என்றால் வழியிலுள்ள மூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, டேப் சுற்றிய முறுக்குகளை வெட்டியெறிந்து, ஜெல் கனெக்டர் போடுங்கள். பெட்டியின் எர்த் ஸ்க்ரூவில் வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் ஸ்க்ரூ மட்டும் இருந்தால் அடுத்த இடிக்கு முன் மாட்டுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் இப்போது புரோகிராம். டிஸ்பிளே போனை முதலாம் எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மாட்டி, புரோகிராம் பட்டனை அழுத்தி, நட்சத்திரம், ஹாஷ், 1234. யாரும் மாற்றாவிட்டால் அதுதான் பாஸ்வேர்ட். முதலில் 000 என்ற புரோகிராம் இலக்கத்தில் தேதியும் நேரமும். இதை அற்பமென்று விடாதீர்கள்: பகல், இரவு முறை தானாக மாறும்படி வைத்திருந்தால், கடிகாரம் பிழைத்த பெட்டி காலை பத்து மணியை இரவென்று நினைத்து, வெளி அழைப்புகளைக் காவலாளியின் போனுக்கு அனுப்பிவிடும். எந்த லைன் எங்கே மணியடிக்க வேண்டும் என்பது 408 முதல் 410 வரை. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று. வெளி லைன் எடுக்கும்போது சில வேளை டோன், சில வேளை மௌனம் என்றால் 400-ஐத் திறந்து பாருங்கள். வயர் மாட்டாத லைனும் அங்கே இணைந்ததாகக் குறிக்கப்பட்டிருந்தால், பெட்டி அந்தச் செத்த லைனையும் எடுத்துக் கொடுக்கும். மூன்று லைனில் ஒன்றை வெட்டிய அலுவலகங்களில் எதிர்பார்க்க வேண்டிய கோளாறு இது.

உள் பேட்டரி இறந்தால் புரோகிராம் அழியாதா என்று கேட்கலாம். அழியும்; அதன் ஆயுளே சுமார் ஏழு வருடம். ஆனால் அதற்குத் தெளிவான அடையாளம் உண்டு: கரண்ட் போய் வந்ததும் தேதி பிழைத்திருக்கும், நீங்கள் மாற்றி வைத்த எக்ஸ்டென்ஷன் இலக்கங்கள் மீண்டும் 101, 102 என்று நிற்கும். இந்த இரண்டும் இல்லையென்றால் மீண்டும் வயருக்கே போங்கள். ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. சிக்னல் விழாத மலை மடிப்புகளில் பெக்டரியிலிருந்து மருந்தகத்துக்குக் காசில்லாமல் பேசுவதற்குச் செல்போன் மாற்றாகாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். செம்பு லைன் இருந்த காலத்தில், கரண்ட் போனால் முதல் லைன் முதலாம் ஜாக்கிலுள்ள சாதாரணப் போனோடு நேரே இணைந்துவிடும், பேச்சு நிற்காது. பைபர் ரவுட்டர் வழியாக லைன் வந்தால் கரண்டோடு ரவுட்டரும் அணையும், லைனும் போகும். ஆகவே யூபிஎஸ் வாங்குவதென்றால் முதலில் ரவுட்டருக்கு வாங்குங்கள்.

பெட்டிக்குள் உள்ள சிஸ்டம் கிளியர் சுவிட்சை எக்காரணம் கொண்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம். யாராவது அதைத் தொட்டுவிடும் முன், இன்றே, 400-இலும் 408 முதல் 410 வரையிலும் இருப்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.