கல்லில் இருப்பதும் கதையில் இருப்பதும்

இந்தப் பள்ளி விடுமுறையில் மூன்று நாவல்கள் படித்தேன். ஒன்று சோழர் கதை, ஒன்று ஆங்கில மாயாஜாலக் கதை, ஒன்று நம் மலாயாத் தமிழர் கதை. மூன்றையும் வைத்து இம்மாதப் பாடம் ஒன்றுதான்: ரசித்துப் படிக்கும்போதே, எது நடந்தது, எது எழுத்தாளர் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகணும்.

முதலில் பொன்னியின் செல்வன். "படமே பார்த்தாச்சே, புத்தகம் எதுக்கு அக்கா?" என்று வகுப்பில் கேட்டீர்கள். கல்கி இதை 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதினார், ஐந்து பாகம். ஆதித்த கரிகாலன் கொலை உண்மை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் ஏன் கொன்றார்கள் என்று அந்தக் கல் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியை உருவாக்கினார். "எல்லாத்துக்கும் நந்தினிதான் காரணம்" என்று யாராவது அடித்துச் சொன்னால், அது கல்கியின் கதை, கல்வெட்டின் செய்தி அல்ல என்று சொல்லத் தெரியணும்.

அடுத்தது ரோஷனி சோக்‌ஷி எழுதி 2018-இல் வந்த ஆரு ஷா. பஞ்ச பாண்டவர்களின் ஆன்மா இந்தக் காலத்துச் சிறுமிகளாகப் பிறக்கிறது. "நம்ம இதிகாசத்தை இப்படி மாத்தலாமா?" என்று சிலர் கோபப்படுவார்கள். அவர் மறைத்து எதையும் செய்யவில்லை. கற்பனை என்று சொல்லித்தான் எழுதுகிறார். மூலக்கதை தெரியாதவருக்குத்தான் சிக்கல். அதில் வரும் மினி, தர்மராஜாவின் மகள். "அது ஏன் தர்மராஜா?" என்று என் தங்கை கேட்டாள். அந்தச் சாக்கில் யட்சன் கதையைச் சொன்னேன். இறந்து கிடந்த தம்பிகளில் ஒருவனைத்தான் எழுப்பலாம் என்றபோது, தருமர் பீமனையோ அர்ச்சுனனையோ கேட்கவில்லை. மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்கணும் என்று நகுலனைக் கேட்டார். ஆங்கிலக் கதை ஒன்று எங்களை வியாச பாரதத்தில் கொண்டுபோய் விட்டது. நல்லதுதானே?

மூன்றாவது, ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில். 1942, 43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஏராளமானோர் அங்கேயே மாண்டார்கள்.

இங்கேதான் எனக்கு மனசு கனத்தது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரம் வென்றதை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். தஞ்சைக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. ஆனால் நம் கொள்ளுத் தாத்தாக்கள் தண்டவாளம் போட்டுச் செத்ததை எத்தனை பேர் வீட்டில் பேசுகிறோம்? ராஜாவின் வெற்றியைக் கல்லில் வெட்ட ஆள் இருந்தது. கூலித் தொழிலாளிக்கு யார் வெட்டுவார்? அதனால்தான் இப்படிப்பட்ட நாவல்கள் முக்கியம். அதிலும் கற்பனை உண்டு. ஆனால் அது நம்மைச் சாட்சிகளிடம் அனுப்புகிறது. இன்றைய ஷா ஆலம்கூட ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டம்தான். அங்கே வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை:

1. செக்‌ஷன் 13 ராஜா துன் உடா நூலகத்துக்கோ உங்களுக்குப் பக்கத்து நூலகத்துக்கோ போய் ஒரு சரித்திர நாவல் எடுங்கள்.
2. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: நடந்தது, கற்பனை. சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி போடுங்கள்.
3. தாத்தா பாட்டியிடம் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அவர்கள் கேட்டு வளர்ந்ததைக் கேளுங்கள். சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

மூன்றாவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். புத்தகம் நூலகத்தில் காத்திருக்கும். பெரியவர்கள் அப்படி இல்லை.